திருகாணி வேண்டாம்

தச்சுவேலைக்கு வந்த நல்லரெத்தினம் ஓடாவிக்கு மூன்றாம் நாளே வெறுத்துவிட்டது. வாகரையில் வேறு யாராவது கேட்டிருந்தால் டீவி அலுமாரியைப் பட்டறையிலேயே செய்து, லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருப்பார். சீதேவிப்பிள்ளையோ தன் வீட்டுக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுத்தாளா? இல்லை. கதிரையைப் போட்டுக் காவல் இருந்தாள்.

"அக்கா, திருகாணி போட்டாப் பிறகு கழட்டிப் பூட்டலாம்."

"திருகாணி வேணாம். மர ஆணி அடிச்சு ஒட்டுங்க."

"இது முதிரை மரம். ஆறு பேராலயும் அசைக்க ஏலாது. வீடு மாறினா என்ன செய்வீங்க?"

"சொன்னதச் செய்யுங்க."

கடைசி நாள், மெருகு காய்ந்ததும் அளவு நாடாவை அவர் முன் நீட்டினாள். "வாசலால போகுமா எண்டு அளந்து பாருங்க."

அளந்தார். "போகாது. வாசல விட ஒரு முழம் பெரிசு. வெளிய எடுக்கிறதெண்டா உடைக்கத்தான் வேணும்." நாடாவை எறியாத குறையாக வைத்தார். "இந்த விசர் வேலைக்கு நான்தானா கிடைச்சன்? வாழைச்சேனையில எத்தின ஓடாவிமார் இருக்காங்க!"

"சுனாமிக்கே அசையாம நிண்டது என்ட சீதன அலுமாரி. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்து பாக்கக்குள்ள, நிலத்தில நாலு திருகாணிதான் கிடந்திச்சு. போன மாசம் உங்கட மகள்ட கலியாணத்துக்கு வந்தநேரம், உங்கட அறைக்குள்ள அதக் கண்டன்."

ஓடாவி உளியைப் பைக்குள் போடத் தேடினார், அகப்படவில்லை.

"கழட்டினவருக்குத்தானே, கழட்ட ஏலாத மாதிரிச் செய்யத் தெரியும்."