முதல் சொட்டு

நேற்று பருத்திப்பட்டில் போலியோ சொட்டு மருந்து முகாமைத் திறந்துவைத்து, ஊரார் பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டவர் கட்சியின் வட்டச் செயலாளர் தசரதன். விடுபட்ட குழந்தைகளைத் தேடி இன்று வீடு வீடாக வந்த நர்ஸ் ஷோபனா, அவர் வாசலிலும் நின்றாள்.

"நம்ம பாப்பாவுக்குப் போட்டாச்சாண்ணா?"

"நாட்டுலதான் போலியோவே இல்லியேம்மா. இன்னும் இன்னாத்துக்கு ஊடு ஊடா சுத்திகினு கீற?"

"பக்கத்து நாட்டுல இன்னும் கீதேண்ணா."

"சரி சரி. மொத சொட்டே நம்ம பாப்பாவுக்குத்தான். கண்ணு, அக்காகிட்ட மையைக் காட்டு."

குழந்தை விரலை நீட்டியது. பார்த்த ஷோபனா சிரித்தபடி மருந்துப் பெட்டியைத் திறந்தாள்.

"அதான் போட்டாச்சுன்றேன்ல?"

"சொட்டு மருந்துக்கு சுண்டு விரல்லதாண்ணா மை வெப்போம். வெச்சவரு பழக்கதோஷத்துல ஆள்காட்டி விரல்ல வெச்சுட்டாரு. பாப்பா ஓட்டுல்ல போட்டுகினு வந்துக்கீது!"