கொஞ்சம் உயரமான வாகனம்

பதுர்தீன் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தபோது, திரையில் ஒட்டாவா நகரத்துப் பாதை வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருந்தது.

மகள் அம்றா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அங்கே இன்னும் காலை எட்டு மணியாகவில்லை. இங்கே ஊரில், அலுவிகாரையில், அவர் அந்தி மஃரிப் தொழுதுவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தார்.

கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே வைக்காமல், பாதையைப் பார்க்கத் திருப்பி வைப்பாள் அம்றா. வாப்பாவுக்கு அதுதான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டியவர். ‘சாப்பிட்டீங்களா, குளிரா’ என்று கேட்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. பாதை தெரிந்தால் வரும்.

அவளுடையது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஆசனம். அவர் ஓட்டிய லொறியின் பக்கத்தில் நிறுத்தினால் டயரை மறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் நவம்பரில் மூடிக் கட்டிவிட்டு ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்களாம். அம்றா பன்னிரண்டு மாதமும் ஓட்டினாள். பனிக்கென்று தனி டயர் நான்கு வாங்கிப் பூட்டியிருந்தாள். காலையில் அக்கம்பக்கத்து ஆட்கள் பனி அள்ளும் சவளோடு நின்று வேடிக்கை பார்ப்பார்களாம், இந்தத் தவளை இன்றைக்கு வெளியே வருமா என்று.

ஒவ்வொரு நாளும் வந்தது.

“முன்னுக்குப் போற பஸ்ஸோட ஒட்டாதீங்க மகள்.”

“இல்ல வாப்பா. தூரத்துலதான் வாறேன்.”

பாதை ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. இறக்கத்தின் முடிவில் சிவப்பு விளக்கு. விளக்கின் கீழே நான்கைந்து வாகனங்கள் நின்றன. பனிக்கு அடியில் ஏதோ கண்ணாடி மாதிரிப் பளபளத்ததை அவர்தான் முதலில் கண்டார். சொல்ல வாயெடுப்பதற்குள் காரின் பின்பக்கம் விலகிவிட்டது.

திரையில் பாதை சாய்ந்தது. ஓரத்துப் பனிக்குவியல் குறுக்கே வந்தது. பதுர்தீனின் வலது கால் சிமெந்துத் தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

அவள் பதறவில்லை; திரையில் பாதை அசைந்த விதத்திலேயே அவருக்கு அது தெரிந்தது. பிரேக்கைத் தொடவில்லை. வழுக்கிய பக்கத்துக்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பி, பொறுத்திருந்து, பிறகு மெல்ல நேராக்கினாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. முன்னால் நின்ற வேனுக்கு ஆறடி தள்ளி வந்து நின்றது.

அவர் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கே அது பழக எத்தனையோ மழைக்காலம் எடுத்தது.

ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்ட வேகத்தில் வாய் முந்திவிட்டது.

“போதும் மகள். இந்தக் கார வித்துப் போடுங்க. அந்தப் பனிக்கு இது சரிவராது. நல்ல உயரமா ஒரு ஜீப்பப் பாத்து வாங்குங்க.”

மேசையின் மறுபக்கம் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி றுஸ்னாவின் கத்தி நின்றது. அவர் நிமிர்ந்து கணவனையே பார்த்தார்.

மறுமுனையில் அம்றா சிரித்தாள். சின்ன வயதில் சிரித்தது போலவே சிரித்தாள்.

“ஜீப்புல நான் எப்படி வாப்பா ஏறுற?”

பதுர்தீனுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

விளங்கியபோது கை தானாக மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அவள் அந்தக் காரை வாங்கியதே அது தாழ்வாக இருப்பதால்தான். சக்கர நாற்காலியின் உயரமும் அதன் ஆசனத்தின் உயரமும் ஒன்று. கைகளை ஊன்றி ஒரே தள்ளலில் உள்ளே போய்விடலாம். பிறகு நாற்காலியைக் கழற்றிப் பக்கத்து ஆசனத்தில் போட்டுக்கொள்வாள். வேகத்துக்கும் பிரேக்குக்கும் ஸ்டியரிங்கின் கீழே கைப்பிடி ஒன்று வைத்திருந்தாள். யாரையும் கூப்பிடத் தேவையில்லை. வாங்கிய அன்றே இதெல்லாம் அவருக்குக் காட்டியிருந்தாள்.

பதினொரு வருடத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், தம்புள்ளையிலிருந்து அவரோடு லொறியில் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நாலந்தா பக்கத்தில் லொறி வழுக்கிப் புரண்டது. ஓட்டிய அவருக்கு நெற்றியில் இரண்டு தையலோடு போயிற்று.

அதன் பிறகு அவர் எந்த வாகனத்திலும் சாரதி ஆசனத்தில் உட்காரவில்லை. தொழும்போதும் சாப்பிடும்போதும் மூத்த மகனின் பிள்ளையைத் தூக்கும்போதும் அவளுடைய கால்கள் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றன. அவள் ஒரு சொல் குறைசொன்னதில்லை. அது இன்னும் பாரமாக இருந்தது.

இன்று ஒரு கால்மணி நேரம் அது அவருக்கு நினைவிலேயே இல்லை. அந்தக் காருக்குள் ஒரு சாரதி மட்டும்தான் இருந்தாள். கெட்டிக்கார சாரதி.

“வாப்பா? இரிக்கிறீங்களா?”

“இரிக்கிறேன் மகள்.”

விளக்குப் பச்சையானது. கார் மெல்ல நகர்ந்தது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் பாதை மறைந்துவிடும்.

“நல்லா ஓட்டுறீங்க” என்றார் பதுர்தீன்.