பச்சை ஏறிய குதிரை

“குதிரை மேயறதுக்கு அது முதுகுலயே புல்லு முளைக்க வெச்சிருக்கியா?”

பட்டறை முதலாளி போட்ட சத்தத்தில், மெருகு போடுகிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேசைமேல் ஒரு சாண் உயர வெண்கலக் குதிரை. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, முதுகில் வீரனோடு நின்றது. ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர்கள் ஊர் நடுவே நிறுத்திய பெரிய சிலைகளைப் பார்த்து, இங்கே அதையே சின்னதாக வார்த்து விற்கிறார்கள்.

அதன் முதுகெல்லாம் பச்சைக் களிம்பு.

“ஒரே குதிரை, மூணாவது தடவை திரும்பி வருது. என்ன வேலை செய்யறே நீ?”

அவள் மெருகுத் துணியைக் கையில் எடுத்தாள்.

குதிரையை வாங்கிய அம்மா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தனியாக இருப்பவர். வந்தால், மெருகு போட்டு முடிகிறவரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார். முழங்கால் வலி, குழாயில் தண்ணீர் வராதது, அவள் குழந்தைக்குப் பல் முளைத்தது, எல்லாம்தான்.

“விடுங்க தம்பி. தேய்ச்சா போயிடப் போகுது.”

“சும்மா இருங்கம்மா. நீங்க இப்படிப் பேசறதாலதான் இவளுக்கு அலட்சியம்.” முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “பையை எடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

அவள் ஏப்ரனை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை.

அந்த அம்மா பதறி எழுந்துவிட்டார்.

“அவமேல தப்பில்ல தம்பி. நான்தான் உப்புத் தண்ணியில துணியை நனைச்சு, குதிரைமேல சுத்தி வெச்சேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“வீட்ல நானும் இந்தக் குதிரையும்தான். மேல உட்கார்ந்திருக்கிறவன் ‘சாப்பிட்டியா’ன்னு ஒரு வார்த்தை கேக்கறானா?” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “குதிரை கெட்டாத்தானே இங்க வர முடியுது, இந்தப் பொண்ணோட ஒரு மணி நேரம் பேச முடியுது. சும்மா வந்து உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?”

முதலாளி குதிரையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவளிடமே கேட்டார்.

“இது உப்பு பட்டு வந்த பச்சைன்னு உனக்குமா தெரியல?”

“முதல் தடவையே தெரியும் சார்.”

“அப்பவே மேல வார்னிஷ் அடிச்சிருந்தா உப்பு ஒண்ணும் பண்ணியிருக்காதே?”

“அதனாலதான் சார் அடிக்கல.”