ஆறு இருபது சைரன்

இரும்புக் கேட்டை யாரோ இடிக்கிற சத்தத்தில் நஃபீசா திடுக்கிட்டு விழித்தாள்.

தட்டல் இல்லை, இடி. காதில் செருகியிருந்த அடைப்பான்களைப் பிடுங்கிப் போட்டாள். வெளியே சைரன் வேறு அலறிக்கொண்டிருந்தது.

முதலில் கணவன் இம்ரான்தான் நினைவுக்கு வந்தான். ஜொகூரில் வேலை. தினமும் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி பைக்கில் வருகிறவன். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

எதிரே சுந்தரம். அதே மாடியில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். கையில் ஒரு பெரிய ஸ்பேனர்.

"என்ன அங்கிள்? இம்ரானுக்கு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சைரன் டெஸ்ட்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். போன தடவ ஒம்பது."

சொல்லிவிட்டுச் சிரித்தபடியே தன் வீட்டுக்குப் போனார்.

இம்ரானுக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. அது அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது.

அவள் நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, காலை பத்து மணிக்குத்தான் படுத்தாள். இன்று ராத்திரியும் வார்டு இருக்கிறது. பிப்ரவரி பதினைந்து மாலை ஆறு இருபதுக்கு ஊர் முழுக்க அபாயச் சைரன் சோதனைக்காக ஒலிக்கும், பயப்பட வேண்டாம் என்று லிஃப்ட் பக்கத்திலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆங் மோ கியோ வட்டாரத்தில் யாரும் அதற்குத் தலை நிமிர்வதுகூட இல்லை.

இந்த மனிதர் மட்டும் செப்டம்பர் டெஸ்டின்போதும் இப்படித்தான் வந்து தட்டி எழுப்பினார். கேட்டதற்கு "சாரிம்மா" என்று போய்விட்டார்.

இந்தத் தடவை விடுவதாயில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அங்கிள், மரியாதையா கேக்குறேன். நான் தூங்குற நேரம்னு உங்களுக்குத் தெரியும். டெஸ்ட்னும் தெரியும். அப்புறம் எதுக்கு என் கேட்டை இடிக்கிறீங்க?"

"சாரிம்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவதானே லா."

"சாரி போதாது. டவுன் கவுன்சிலுக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க. ஆனா அடுத்த தடவையும் வருவேன்." பணிவாகத்தான் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"அவ்வளவு அக்கறை இருந்தா, கடைசி வீட்டு கமலம் அக்கா கதவை இடிங்களேன். அவங்களுக்குத்தான் பிறவியிலேயே காது கேக்காது. தனியா வேற இருக்காங்க, பாவம். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு."

"கமலம் வீட்டுல பெல்லை அமுக்கினா உள்ளே லைட் விட்டு விட்டு எரியும். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அவங்க உடனே வந்துடுவாங்க."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

சுந்தரம் ஸ்பேனரை ஓரமாக வைத்தார்.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். போன ஆகஸ்ட்ல கீழ் மாடியில ஒரு வீட்டு அடுப்படி பத்திக்கிச்சே, ஞாபகம் இருக்கா?"

"கேள்விப்பட்டேன். நான் அப்ப வேலையில இருந்திருப்பேன்."

"இல்லம்மா. மத்தியானம் மூணு மணி. நீங்க வீட்டுலதான் தூங்கிட்டு இருந்தீங்க."

நஃபீசா நிமிர்ந்து பார்த்தாள்.

"அலாரம் அடிச்சது, ஜனங்க கத்தினாங்க. நம்ம காரிடார் பூரா புகை. எல்லாரும் படியில இறங்குறோம், கமலம் மட்டும் உங்க கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உள்ளேயிருந்து நீங்க குரல் கொடுத்தாலும் அவங்களுக்குக் கேக்காதே, அதான் நிறுத்தாம தட்டுறாங்க. நான்தான், அந்தப் பொண்ணு வேலைக்குப் போயிருக்கும்னு சைகை காட்டி, கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"நல்லவேளை, பத்து நிமிஷத்துல அணைச்சுட்டாங்க. ஆனா சாயந்தரம் ஏழரைக்கு நீங்க யூனிஃபார்மோட வீட்டுக்குள்ளேருந்து வர்றீங்க. நீங்க உள்ளேயேதான் இருந்திருக்கீங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் அப்பத்தான் புரிஞ்சுது."

நஃபீசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். புகையை மூச்சில் இழுத்து, தூக்கத்திலேயே போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் முகத்தில் பதற்றமே இருக்காது.

மெதுவாக ஒரு மூச்சை இழுத்து விட்டாள். இன்னொன்று. இத்தனை மாதம் கழித்து, இப்போதுதான் அந்தத் தீயிலிருந்து தப்பியது போலிருந்தது.

"செப்டம்பர்ல கையால தட்டிப் பார்த்தேன், ஒம்பது நிமிஷம் ஆச்சு" என்றார் சுந்தரம். "அன்னிலேருந்து எனக்குச் சரியா தூக்கமே இல்ல. இன்னிக்கு ஸ்பேனரை எடுத்துட்டு வந்தேன், ரெண்டே நிமிஷம். இனிமே நிம்மதியா தூங்குவேன்."

"மன்னிச்சிடுங்க அங்கிள். எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்க."

"நான் எங்க யோசிச்சேன்ம்மா? செப்டம்பர் சைரன் அன்னிக்கு லைட் ஒழுங்கா எரியுதான்னு பார்க்க வர்றேன்னு கமலத்துக்குத்தான் மெசேஜ் போட்டேன். அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு நீங்களே படிங்க."

போனை அவள் பக்கம் திருப்பினார்.

'என்னைப் பத்திக் கவலை வேண்டாம் அண்ணே, எனக்கு லைட் இருக்கு. அந்த நர்ஸ் பொண்ணுதான் பாவம், தூங்கிட்டா காது கேக்காது. நீங்க அவ கதவுக்குப் போங்க.'