அணிலுக்குக் கிடைத்த பெரிய சொல்

வைக்கோல் ஏற்றி நிறுத்தியிருந்த மாட்டுவண்டியைப் பார்த்ததும் அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு மெத்தென்ற இடம் வேறெங்கே கிடைக்கும்? உச்சியில் குழி பறித்து, கண் திறக்காத குட்டிகளைக் கொண்டுவந்து படுக்கவைத்தது.

பக்கத்து மரத்து மைனா பள்ளிக்கூட ஜன்னலில் பாடம் கேட்டு வளர்ந்தது. அது எட்டிப் பார்த்து, "இது அவிவேகம்!" என்றது.

அணிலுக்கு உச்சி குளிர்ந்தது. அதன் வீட்டை யாரும் இவ்வளவு பெரிய சொல்லால் பாராட்டியதில்லை. "ரொம்ப சந்தோஷம் அக்கா! மழை வர்றதுக்குள்ள இன்னும் பெரிய அவிவேகமாக் கட்டிடறேன்," என்றது.

"ஐயோ, அப்படியில்லை. விவேகம் என்றால் நல்லது கெட்டதைச் சீர்தூக்கிப் பார்ப்பது. முன்னால் 'அ' சேர்ந்தால் அது இல்லாதது. அதாவது..." என்று மைனா விளக்கத் தொடங்கியது. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அணில் மரியாதையாகத் தலையாட்டியது.

அதற்குள் வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டிவிட்டார்.

"வண்டி கிளம்பப் போகுதுடி! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இறங்கு!" என்று மைனா அலறியது.

இது அணிலுக்கு உடனே புரிந்தது. ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கும் மரத்துக்குமாக ஓடியது. மைனா ஒரு மாட்டின் மூக்கிலேயே போய் உட்கார்ந்தது. மாடு தும்மியது, தலையை உதறியது, ஓரடிகூட நகரவில்லை. கடைசிக் குட்டியும் மரப்பொந்துக்குள் போன பிறகுதான் மைனா அந்த மூக்கை விட்டது.

"முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றது அணில், மூச்சிரைக்க.

மைனா இறகைக் கோதிக்கொண்டது. "சாதாரணமாச் சொன்னா நீ மதிக்கமாட்டியோன்னு நினைச்சேன்."

அணிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைனாவுக்கும்தான்.