ஏகமனதாக

எல்லோரும் தட்டி முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

தாலுகா ஆஸ்பத்திரியின் கூட்ட அறை. சின்ன அறை. ஒற்றை ஆள் கைதட்டுவது அங்கே தூக்கலாகவே கேட்டது.

மாவட்டத்திலிருந்து வந்திருந்த தலைவருக்கு முதலில் சந்தோஷம்தான். பிரசவ வார்டை இங்கிருந்து எடுத்துத் தலைமை மருத்துவமனையோடு சேர்க்கும் தீர்மானத்துக்கு இவ்வளவு வரவேற்பா என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே அவள் பக்கம் தலையசைத்தார்.

அவள் நிறுத்தவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கத்தில் அவள் அலுவல்சாரா உறுப்பினர். பெயர்தான் பெரிசு. அரசாங்க உத்தியோகமும் இல்லை, சம்பளமும் கிடையாது. வந்தவுடன் ஒரு டீ, போகும்போது ஒரு வடை. கடைவீதியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாள். பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்று யாரோ மேலிருந்து கேட்டதால் அவளைக் கூப்பிட்டுப் போட்டார்கள்.

இங்கே தீர்மானம் நிறைவேறுகிற அழகு இதுதான். டாக்டர் வாசிப்பார். தலைவர் முதலில் கை தட்டுவார். மற்றவர்களும் தட்டுவார்கள். ‘ஏகமனதாக’ என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் வடை வந்துவிடும்.

போன கூட்டத்தில் குழந்தைகள் வார்டு போனது.

அன்றைக்கு அவள் தட்டவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏகமனதாக என்றே எழுதினார்கள். பிறகு போய்க் கேட்டதற்கு, “அப்படிங்களா, கவனிக்கலீங்களேம்மா” என்றார் எழுத்தர். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

தட்டாத கை யாருக்குக் கேட்கும்?

இப்போது அந்த வார்டில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

உள்ளங்கை எரிந்தது. தட்டினாள்.

காலையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மலைமேல் ஊர்க்காரி. வயிறு நன்றாக இறங்கியிருந்தது. பரிசோதனைக்காக ஜீப்பில் குலுங்கி வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. இவளை யாரென்று நினைத்தாளோ, சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு இங்கதான பாப்பாங்க? பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்னு பேசிக்கறாங்க. மலையெறங்கறதுக்கே உசுரு போவுது. இன்னும் அவ்வளவு தூரம் நான் எப்படிப் போவேன்?”

“இங்கதான் பாப்பாங்க. போய்ச் சாப்பிடு.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் படியேறினாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லியாகிவிட்டது. இறங்கும்போதும் அதே படி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

பக்கத்து நாற்காலி செங்கோட்டுவேலு அவளுடைய முழங்கையைத் தொட வந்தார். தொடவில்லை. லாரி வைத்திருப்பவர், நல்ல மனிதர். எதிலும் முதல் ஆளாக நிற்கமாட்டார், கடைசி ஆளாகவும் நிற்கமாட்டார். அவரும் இவள் மாதிரி அலுவல்சாரா உறுப்பினர்தான். அந்த அறையில் பாதிப்பேர் அப்படித்தான்.

டாக்டர் நிமிரவே இல்லை. வாசித்து முடித்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ வார்டை அங்குலம் அங்குலமாகத் தூக்கி நிறுத்தியவர் அவர். ஆனால் அரசாங்க உத்தியோகம். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்பாரோ.

அவளை எந்த ஊருக்கும் மாற்ற முடியாது.

அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தட்டுவதை நிறுத்தினாள்.

“ஆச்சுங்களா, நாகரத்தினம்மா?” என்றார் தலைவர்.

அவள் எழுந்து நின்றாள்.

“போன தடவ தட்டாம இருந்தேனுங்க. யாருக்கும் கேக்கல. அதான் இந்தத் தடவ கேக்கற மாதிரி தட்டினேன். எனக்குச் சம்மதமில்லீங்க.”

எழுத்தர் ‘ஏக’ வரைக்கும் எழுதியிருந்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். “மேலிடத்துல எடுத்த முடிவுங்கம்மா. ஆள் பத்தல, எல்லாத்தையும் ஒரே எடத்துல சேர்த்தா…” என்று இழுத்தார்.

“அவங்களே முடிவெடுத்துட்டா எங்க சம்மதம் எதுக்குங்க? கேட்டிருக்காங்கல்ல. மறுபடி ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. காத்திருந்தாள். வாசிக்கும்வரை நிற்பது என்று தீர்மானித்துவிட்டவள் அப்படித்தான் நிற்பாள் என்று அவருக்கும் தெரிந்தது. டாக்டர் பக்கம் கையைக் காட்டினார்.

முதல் தடவை கடகடவென்று ஓடிய வாசகம். இப்போது டாக்டர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நோயாளியின் வீட்டாருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்வதுபோல வாசித்தார். பிரசவ வார்டு என்றார். மலைக் கிராமங்கள் அனைத்தும் என்றார். வரும் மாதம் முதல் என்றார். வாசித்து முடித்தவர் முதல் தடவையாக நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

தலைவர் வழக்கம்போலக் கைகளைத் தூக்கினார்.

ஒரு தட்டு.

அது மட்டும்தான் கேட்டது.

செங்கோட்டுவேலு அவசரமாகக் குனிந்து, காலடியில் வைத்திருந்த டீக் கோப்பையை எடுத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அதில் டீ எப்போதோ தீர்ந்திருந்தது.

எதிர் வரிசையில் ஒருவர் தன் கோப்பையைத் தேடினார்.