மோசஸின் மனம் இளக

"கூடப் பொறந்தவளுக்கு ஒரு கிட்னி குடுக்க மனசு வரல. இப்போ அதே கிட்னியில கல்லு! கர்த்தர் தூங்கல ஜெஸ்ஸி, எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருக்கார்!"

ஞானசௌந்தரி இதை வார்டு வாசலில் ஒரு தரம், தம்பியின் கட்டிலருகே ஒரு தரம் சொல்லியாயிற்று. பக்கத்துக் கட்டில் ரெட்டிகாருவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மெதுவா மதினி," என்றாள் தம்பி பெண்டாட்டி ஜெஸ்ஸி. "இப்போ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"போகட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

பச்சை கவுனில் மோசஸ் சிரித்தான். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷெட்டையே அதட்டி வேலை வாங்குகிறவன். அக்கா முன்னால் மட்டும் இந்த அசட்டுச் சிரிப்பு.

"உக்காருக்கா. டயாலிஸிஸ் முடிச்சு நேரா வந்தியா? ஏதாவது சாப்பிட்டியா?"

"இந்த அக்கறைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல!"

இது சில வருஷக் கோபம். ஞானசௌந்தரியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது கணவர் உயிரோடு இல்லை. மகள் ஸ்டெஃபிக்குச் சர்க்கரை வியாதி. உறுப்பு தானத்துக்கான அரசாங்க வரிசையில் பெயர் கொடுத்தும் அது நகர்வதாகக் காணோம். மிச்சம் இருந்தது தம்பி ஒருவன். வாய்விட்டுக் கேட்டாள்.

"நக்கோ அக்கா, வேண்டாம், எனக்குப் பயமா இருக்கு" என்றுவிட்டான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தமிழ்ச் சபையில், "சகோதரி ஞானசௌந்தரியின் தம்பி மோசஸின் மனம் இளக" என்று பாஸ்டர் ஜெப விண்ணப்பம் வாசிப்பார். சபையே கண்ணை மூடி ஜெபிக்கும். கடைசி பெஞ்சிலிருந்து மோசஸும் சத்தமாக 'ஆமென்' சொல்வான். ஆராதனை முடிந்ததும் அக்காவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பான். வெட்கம் கெட்டவன் என்று சபையில் சொல்லாத பெண்பிள்ளை இல்லை.

"இவன் மனசு என்னைக்காவது மாறும்னுதான் அந்த மெஷின்ல போய்ப் படுக்கேன். இல்லன்னா நிறுத்திட்டு நிம்மதியாப் போய்ச் சேந்திருப்பேன்" என்பாள் ஞானசௌந்தரி. வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆரம்பத்தில் ஒரு வாரம் நிஜமாகவே போகாமல் இருந்து, உடம்பு ஊதி, மூச்சு முட்டியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் வர்ஷினி வந்தார். தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பேசினார்.

"டென்ஷன் வேண்டாம் மோசஸ்காரு. வயித்தைக் கிழிக்கப் போறதில்ல. முதுகுல ஒரு சின்னத் துளை, அது வழியா கேமரா விட்டு, கல்லை உடைச்சு எடுத்துடுவோம். உங்க கிட்னி ரெண்டும் அடியில ஒட்டி, குதிரை லாடம் மாதிரி இருக்கறதால, துளையைக் கொஞ்சம் இடம் மாத்திப் போடணும். அவ்வளவுதான்."

"ஒட்டியா? எப்போலேருந்து?" என்றாள் ஞானசௌந்தரி.

"பிறவியிலேருந்தே. நீங்க இவரோட அம்மாவா?"

நோய் தின்ற அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"சொந்தக்காரி. நீங்க சொல்லுங்க."

"மேடம், நேரமாச்சு, போலாமா?" மோசஸ் அவசரமாக எழுந்தான்.

"இருங்க, இன்னும் ஸ்ட்ரெச்சரே வரல." டாக்டர் அவன் தோளில் தட்டினார். "இவர் எனக்குப் பழைய பேஷன்ட்மா. அக்காவுக்குக் கிட்னி கொடுக்கணும்னு யாருக்கும் சொல்லாம டெஸ்டுக்கு வந்தார். அப்பதான் ஸ்கேன்ல இது தெரிஞ்சது. பிளட் குரூப்லாம் பொருந்திச்சு. என்ன பண்றது, இப்படி ஒட்டினதைப் பிரிச்சு எடுக்கறது இவர் உயிருக்கே ஆபத்து. எந்தக் காலத்திலும் முடியாதுன்னு சொன்னதும் குழந்தை மாதிரி அழுதுட்டார்."

மோசஸ் பக்கம் திரும்பி அன்பாகவே கேட்டார். "உங்க அக்கா இப்போ எப்படி இருக்காங்க?"

மோசஸ் குனிந்து கட்டிலடியில் செருப்பைத் தேடினான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

ஞானசௌந்தரி ஜெஸ்ஸி பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"ஹவ் மதினி, தெரியும். 'என்னால முடியவே முடியாதுன்னு தெரிஞ்சா அக்கா டயாலிஸிஸ் போறதை நிறுத்திருவா. பயந்தாங்கொள்ளின்னே நினைச்சுக்கட்டும். அப்போதான் என்னைக்காவது மனசு மாறுவான்னு உயிரோட இருப்பா.' இப்படிச் சொல்லி என் வாயைக் கட்டிப்போட்டார்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. மோசஸ் தானாகவே ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஞானசௌந்தரி, காலையில் டயாலிஸிஸுக்கு ஊசி ஏற்றிய கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வரை கூடவே ஓட்டமும் நடையுமாகப் போனாள். கதவருகே குனிந்தாள்.

"ஏலே மோசே... பயமா இருக்கு, தர மாட்டேன்னு பழையபடி சொல்லுலே. ஒரே ஒரு தடவை சொல்லு."